தாய்மொழியில் எழுதப்படாத கடிதங்கள்

2024 மார்ச்சில் அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழகம் ஓர் எண்ணிமக் காப்பகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஐரிஷ் மக்களின் கடிதங்களும் நினைவுக் குறிப்புகளும் அதில் உள்ளன. கடிதங்கள் மட்டுமே ஏறத்தாழ 7,000. மிசௌரி பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் கெர்பி மில்லர் ஐம்பது ஆண்டுக்காலம் தேடிச் சேர்த்த தொகுப்பு அது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதன் காலம் நீள்கிறது. காப்பகத்துக்கு 'இமிர்க்கே' என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஐரிஷ் மொழியில் குடிபெயர்வைக் குறிக்கும் சொல் அது.

பெயர்ப்பலகையில் ஐரிஷ் இருக்கிறது. உள்ளே அநேகமாக இல்லை. அங்குள்ள கடிதங்களில் மிகமிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஐரிஷில் எழுதப்பட்டவை மிக அரிது. ஐரிஷ் என்பது ஆங்கிலத்தின் வட்டார வழக்கு அன்று. கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்த தனிமொழி. வினை முன்னே வர எழுவாய் பின்னே வரும் தொடரமைப்பும், தனக்கென ஓர் எழுத்துருவும், ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த இலக்கிய மரபும் அதற்கு உண்டு. அம்மொழி பேசிய வீடுகளிலிருந்து இலட்சக்கணக்கானோர் கப்பலேறினர். வீட்டுக்குக் கடிதமும் எழுதினர். அக்கடிதங்கள் ஏன் அவர்களுடைய மொழியில் இல்லை என்ற கேள்வியை, கடிதங்களைக் கொண்டு வரலாறு எழுதிய பலரும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். அது அப்படிக் கடந்துபோகத்தக்க கேள்வி அன்று.

பின்னணி பலரும் அறிந்ததே. 1841 கணக்கெடுப்பின்போது அயர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 82 இலட்சம். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை அழுகல் நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பசியாலும் கொள்ளைநோயாலும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மடிந்தனர். 1855க்குள் 20 இலட்சம் அளவில் வெளியேறினர். பஞ்சம் முடிந்த பின்னும் வெளியேற்றம் நிற்கவில்லை. 1911இல் தீவின் மக்கள்தொகை 44 இலட்சத்துக்கும் குறைவு. எழுபது ஆண்டுகளில் ஒரு நாடு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நவீன ஐரோப்பாவில் இதற்கு இணை சொல்வது கடினம்.

இவர்களுள் ஐரிஷ் பேசியவர்கள் எத்தனை பேர் என்பதைத் துல்லியமாக எண்ணிச் சொல்ல இயலாது. எனினும் திசை தெளிவாகத் தெரிகிறது. கணக்கெடுப்பில் மொழி பற்றிய கேள்வி முதன்முதலாக இடம்பெற்றது 1851இல். பஞ்சம் ஐரிஷ் பேசும் மேற்குப் பகுதிகளையே மிகக் கொடுமையாகத் தாக்கியிருந்தும், 15 இலட்சம் பேர் தமக்கு அம்மொழி தெரியும் என்று பதிவு செய்தனர். மேயோ, கால்வே, கெர்ரி, டொனிகால், கார்க் மாவட்டங்களின் கடலோரங்களில் வீட்டுமொழி, வயல்மொழி, வழிபாட்டு மொழி எல்லாம் ஐரிஷே. நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்கு மிகுதியாக ஆட்களை அனுப்பியவையும் இதே கரையோரங்கள்தாம்.

எழுதக் கற்றுக்கொடுத்த இடமோ பள்ளிக்கூடம். 1831இல் தொடங்கப்பட்ட தேசியப் பள்ளிகளில் பயிற்றுமொழி ஆங்கிலம் ஒன்றே. 1870களின் இறுதி வரை ஐரிஷுக்குப் பாடத்திட்டத்தில் இடமே இல்லை. அப்போது கிடைத்ததும் பள்ளி நேரத்துக்கு வெளியே விருப்பப் பாடம் என்ற தகுதிதான். இருமொழிப் பாடத்திட்டம் வந்தது 1904இல். இதற்கிடையே எழுத்தறிவு வியக்கத்தக்க வேகத்தில் பரவியது. 1841இல் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 53 விழுக்காட்டினர் எழுதவோ படிக்கவோ அறியாதவர். 1911இல் அவர்கள் 12 விழுக்காடு மட்டுமே. இந்த எழுத்தறிவு முழுவதும் ஆங்கில எழுத்தறிவு என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளியில் ஐந்தாண்டு பயின்ற ஒரு கெர்ரிச் சிறுமி, தான் நாள்தோறும் பேசும் மொழியில் ஒரு வரிகூட எழுதத் தெரியாமலும், வீட்டில் எவரும் பேசாத மொழியில் ஓரளவு எழுதத் தெரிந்தும் வெளியே வந்தாள்.

எனவே கடிதத்துக்கு வேறு மொழி வாய்க்கவில்லை. ஐரிஷைக் காகிதத்தில் கொண்டுவர விரும்பிய சிலர் ஆங்கில எழுத்துகளைக் கொண்டு, காதில் விழுந்தபடி எழுதிப் பார்த்தனர். பெரும்பாலோருக்கு அந்த எண்ணமே எழுந்திராது. கடிதம் என்றால் ஆங்கிலம். பேச்சு என்றால் ஐரிஷ். இந்தப் பிரிவினை அவர்களுக்கு இயல்பாகவே தோன்றியது.

அமெரிக்காவிலிருந்து வரும் கடிதத்துக்கு அயர்லாந்தில் தனிப்பெயரே உண்டு: 'அமெரிக்கக் கடிதம்'. 1955இல் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் அமெரிக்கக் குடிபெயர்வு பற்றி ஒரு வினாப்பட்டியலை நாடெங்கும் அனுப்பியது. முதியோர் நினைவிலிருந்து கிடைத்த விடைகளை ஆர்னால்டு ஷ்ரையர் என்ற வரலாற்றாசிரியர் 1958இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாகப் பயன்படுத்தினார். கடிதம் வந்த செய்தி ஊருக்குள் பரவும். இரவில் அண்டை வீட்டார் அடுப்பைச் சுற்றிக் கூடுவர். படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லையென்றால் பள்ளி ஆசிரியர், பாதிரியார், அல்லது பள்ளியில் பயிலும் பிள்ளை எவரேனும் உரக்கப் படிப்பர். ஒரு வீட்டுக்கு வந்த கடிதத்தை அந்த வீட்டார் மட்டும் படிப்பது வழக்கமில்லை. அதே ஊரிலிருந்து சென்ற மற்றவர்களைப் பற்றியும் அதில் செய்தி இருக்கும். அவர்களுடைய பெற்றோர் காத்திருப்பார்கள்.

ஐரிஷ் பேசும் ஊர்களில் இந்த வாசிப்புக்கு மற்றொரு படியும் இருந்தது. படிப்பவர் ஆங்கிலத்தைப் பார்த்து ஐரிஷில் சொல்ல வேண்டும். மகள் பாஸ்டனில் ஐரிஷில் நினைத்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பாள்; அதையே பக்கத்து வீட்டுப் பையன் மீண்டும் ஐரிஷாக்கித் தாயிடம் சொல்வான். மகளுக்கும் பள்ளி ஆங்கிலம். பையனுக்கும் பள்ளி ஆங்கிலம். தாய் கேட்டது மகளின் சொற்களை அன்று. பன்னிரண்டு வயதுச் சிறுவனின் மொழிபெயர்ப்பை. பதில் எழுதும்போதும் இதே வழிதான், திசை மட்டும் மாறும். தாய் சொல்லச் சொல்ல எழுதுபவர் ஆங்கிலமாக்குவார். அவளுடைய ஏச்சும் செல்லமும் எந்த அளவுக்குக் கடல் தாண்டின என்று எவரால் சொல்ல முடியும்? ஊர் கூடிக் கேட்கும் என்பதால் எழுதுபவரும் அடக்கியே எழுதினார். கடன், மணமுறிவு, குடிப்பழக்கம் போன்றவை பொதுவாக இக்கடிதங்களில் தலைகாட்டுவதில்லை. காட்டினாலும் பிறரைப் பற்றியவையாகவே இருக்கும்.

கடிதங்களின் வடிவமும் இதற்கு ஏற்றபடியே அமைந்தது. பேனாவைக் கையில் எடுத்ததாகத் தொடங்கி, இச்சில வரிகள் உங்களை நல்ல உடல்நலத்தோடு காணும் என்று நம்பி, தானும் அவ்வாறே இருப்பதாகச் சொல்லி, இறைவனுக்கு நன்றி கூறும் ஒரு தொடக்கம் ஆயிரக்கணக்கான கடிதங்களில் ஏறக்குறைய அச்சடித்தாற்போல் வருகிறது. தமிழ்க் கடிதங்களின் 'நலம், நலமறிய ஆவல்' போன்றதுதான் அது; ஆனால் அதனினும் நீளமானது. படித்தவர்கள் இதை வெற்றுச் சடங்கு என்று நகைத்ததுண்டு. எழுதப் பழகாத கைக்கு அச்சடங்கு ஒரு ஊன்றுகோல் என்பதை அவர்கள் எண்ணவில்லை. முதல் மூன்று வரிகள் தாமாகவே வந்துவிட்டால் நான்காவது வரியை எழுதும் துணிவு பிறக்கும். கேட்பவர்களுக்கும் அதே பயன் இருந்தது: அவ்வரிகள் ஒலித்த கணமே, எழுதியவர் உயிரோடிருக்கிறார் என்று அடுப்படியில் அமர்ந்திருந்த அனைவருக்கும் புரிந்துவிடும். மற்றவை பிறகு.

நான்காவது வரியிலிருந்துதான் மொழியியலாளருக்கு வேலை தொடங்குகிறது. முற்றுப்புள்ளி இல்லை; தொடர்கள் ஒன்றோடொன்று இணைந்து ஓடுகின்றன; எழுத்துக்கூட்டல் உச்சரிப்பைக் காட்டிக்கொடுக்கிறது. கெவின் மெக்காஃபர்ட்டி, கரோலினா அமடோர் மொரேனோ ஆகிய இருவரும் இத்தகைய கடிதங்களைக் கொண்டு ஐரிஷ் ஆங்கிலக் கடிதத் தரவகம் ஒன்றை உருவாக்கியுள்ளனர். 'நான்' என்ற எழுவாயோடு எதிர்காலம் சொல்லும்போது 'ஷேல்' வர வேண்டிய இடத்தில் ஐரிஷ் மக்கள் 'வில்' என்கிறார்கள் என்று பழைய இலக்கண ஆசிரியர்கள் பரிகசிப்பதுண்டு. அது பிறவிக் குறை என்பதுபோல் எழுதியவர்களும் உண்டு. கடிதங்கள் சொல்வது வேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்திலும் 'ஷேல்' வழக்கே மேலோங்கியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், எழுத்தறிவு கீழ்த்தட்டு மக்களை எட்டிய காலத்திலேயே 'வில்' அதை வென்றது. இலக்கண நூல்களை மட்டும் நம்பியிருந்தால் இது ஒருபோதும் தெரிந்திராது. பன்மை எழுவாயை ஒருமை வினையோடு முடிக்கும் பழக்கமும் கடிதங்களில் மலிந்து கிடக்கிறது. அது பிழை அன்று. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருந்து அல்ஸ்டர் வழியாக வந்த பழைய இலக்கண விதி.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இத்தரவகத்தின் பெரும்பகுதி, வட அயர்லாந்தின் ஓமா நகரில் தொகுக்கப்பட்ட குடிபெயர்வு ஆவணங்களிலிருந்து வந்தது. அல்ஸ்டர் பகுதியினர், குறிப்பாக ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட புராட்டஸ்டன்டுகள், அதில் மிகுதி. வசதி படைத்தோர் கடிதங்களைப் பெட்டியில் பேணினர். மேற்குக் கரையின் ஓரறைக் குடிசையில் காகிதம் தங்குவது கடினம். ஆகவே 'ஐரிஷ் குடிபெயர்ந்தோரின் குரல்' என்று பொதுப்படப் பேசும்போது, எவருடைய குரல் நமக்குக் கிட்டியிருக்கிறது என்பதை நினைவில் வைத்தாக வேண்டும்.

மில்லர் 1985இல் வெளியிட்ட 'குடிபெயர்ந்தோரும் நாடு கடந்தோரும்' என்று பொருள்படும் தலைப்புடைய நூல் எழுப்பிய விவாதமும் இங்குதான் வந்து சேர்கிறது. ஐரிஷ் கத்தோலிக்கர் தம் பயணத்தை விருப்பப் பயணமாக அன்றி நாடுகடத்தலாகவே உணர்ந்தனர் என்பது அவருடைய வாதம். அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று மொழி. ஐரிஷில் குடிபெயர்ந்தவரைச் சுட்டப் பரவலாக வழங்கிய சொல் 'டியோரீ'. பழைய ஐரிஷ் சட்ட நூல்களில் அதன் மூலச்சொல், சொந்த மண்ணும் சுற்றமும் அற்ற அயலானைக் குறித்தது. 'நான் அமெரிக்கா சென்றேன்' என்பதைவிட, 'நான் அமெரிக்கா செல்ல நேர்ந்தது' என்பதே ஐரிஷுக்கு இயல்பான தொடர் என்றும் அவர் சுட்டினார். கப்பலேறும் முன்னிரவில், இறந்தவர் உடலருகே விழித்திருப்பதுபோல் ஊரே விழித்திருந்து, ஆடிப் பாடி, விடியும்போது ஒப்பாரி வைத்து வழியனுப்பிய வழக்கத்தையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால் வாதம் வலுப்பெறுகிறது.

டொனால்டு அகென்சன் போன்றோர் இதை ஏற்கவில்லை. குடிபெயர்ந்தோர் நிலைமையை எடைபோட்டு முடிவெடுத்தவர்கள். அவர்களைப் பண்பாட்டின் கைதிகளாகக் காட்டுவது முறையன்று என்பது அவர்கள் தரப்பு. கடிதங்களைப் புரட்டினால் இத்தரப்புக்கும் சான்று குவிகிறது. கூலி எவ்வளவு, வாடகை எவ்வளவு, இறைச்சி தினமும் கிடைக்கிறது, இப்போது வராதே, அடுத்த வசந்தத்தில் வா என்று கணக்குப் பேசும் கடிதங்கள் ஏராளம்.

ஆயினும் இவ்விவாதத்தைக் கடிதங்களை மட்டும் வைத்துத் தீர்த்துவிடலாம் என்று இருதரப்பாரும் நம்பியதாகத் தோன்றுவது வியப்பளிக்கிறது. ஐரிஷில் உணர்வுகள் மனிதர்மேல் வந்து அமர்பவை. 'நான் தனிமையாக இருக்கிறேன்' என்று அம்மொழி சொல்வதில்லை. 'தனிமை என்மேல் இருக்கிறது' என்கிறது. பசியும் துயரமும் மகிழ்ச்சியும் அவ்வாறே. தமிழில் 'எனக்கு வருத்தமாக இருக்கிறது' என்று நான்காம் வேற்றுமையில் சொல்வதற்கு நெருங்கிய உறவு அது: அனுபவிப்பவர் வினை செய்பவர் அல்லர். ஆங்கிலத்திலோ 'நான்' எழுவாயாக முன்னே வந்தாக வேண்டும். ஐரிஷில் நினைத்தவர் ஆங்கிலத்தில் எழுதும்போது, தாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், முடிவெடுத்தவராகவும் செயல்பட்டவராகவும் இலக்கணமே அவரை மாற்றிவிடுகிறது. இலக்கணம் சிந்தனையைச் சிறைப்படுத்துகிறது என்று இதற்குப் பொருளில்லை. மில்லரின் வாதத்தில் அந்த மிகைக்கு இடமுண்டு என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால் இரண்டாம் மொழியில் தட்டுத் தடுமாறி எழுதப்பட்ட ஒரு தாளில் துயரம் குறைவாகத் தென்படுவதை, துயரம் குறைவாக இருந்ததற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. இருபது ஆங்கிலச் சொற்களில் உடல்நலமும் வானிலையும் கூலியும் அடங்கும். பிரிவுத் துயரைச் சொல்ல அவை போதா.

அஞ்சற் கட்டணமும் சொற்களுக்கு எல்லை வகுத்தது. 1840க்கு முன் கடிதங்கள் பாய்மரக் கப்பலில் ஐந்தாறு வாரம் பயணித்தன; ஊருக்குத் திரும்புபவர் கையில் கொடுத்தனுப்புவதே நம்பகமான வழி. அவ்வாண்டு ஜூலை 4 அன்று குனார்டு நிறுவனத்தின் 'பிரிட்டானியா' நீராவிக் கப்பல் லிவர்பூலிலிருந்து அஞ்சலோடு புறப்பட்டுப் பன்னிரண்டு நாளில் ஹாலிஃபாக்ஸை அடைந்தது. வேகம் கூடியதே தவிரச் செலவு குறையவில்லை. 1849இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 24 சென்ட், அதாவது ஒரு ஷில்லிங். அயர்லாந்தின் விவசாயக் கூலி ஒருவரின் ஒருநாள் ஊதியத்தைவிட அது அதிகம். 1868இல் 12 சென்ட், 1870இல் 6 சென்ட், பொது அஞ்சல் ஒன்றியம் உருவான பின் 1875இல் 5 சென்ட் என்று கட்டணம் சரிந்தது. பஞ்ச ஆண்டுகளில் எழுதியவர்கள் தாளின் விளிம்புவரை நெருக்கி எழுதியதும், ஒரே உறைக்குள் மூன்று குடும்பங்களுக்குச் செய்தி வைத்ததும் இதனால்தான்.

செய்தியோடு பணமும் வந்தது. பஞ்சத்தின் நடுவே பிரிட்டிஷ் குடிபெயர்வு ஆணையர்கள் வட அமெரிக்காவிலிருந்து வந்த தொகைகளைக் கணக்கிடத் தொடங்கினர். 1848இல் 4,60,000 பவுண்டு. 1854இல் 17,30,000 பவுண்டு. வங்கிகள், வணிக நிறுவனங்கள் வாயிலாக வந்ததை மட்டும் எண்ணிய கணக்கு இது. உறைக்குள் மடித்து வைத்த தாள்கள் எண்ணப்படவில்லை. 1850இல் நியூயார்க்கில் ஐரிஷ் குடிபெயர்ந்தோர் சங்கத்தினர் நிறுவிய சேமிப்பு வங்கி இவ்வகைப் பணப்பரிமாற்றத்துக்குப் பெரும் வாய்க்காலாயிற்று. 1848 முதல் 1900 வரை வட அமெரிக்காவிலிருந்து அயர்லாந்து வந்த தொகை 25 கோடி டாலரைத் தாண்டும் என்பது ஷ்ரையரின் மதிப்பீடு. அனுப்பியவர்கள் செல்வந்தர் அல்லர். பெரும்பகுதி, வீட்டு வேலை செய்த இளம்பெண்களின் ஊதியம். நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் குடிபெயர்ந்தோரில் சுமார் பாதிப்பேர் பெண்கள், அவர்களுள் பெரும்பாலோர் திருமணமாகாதவர் என்பது ஐரோப்பியக் குடிபெயர்வில் தனித்தன்மை வாய்ந்தது. உண்ணவும் உறங்கவும் எசமானர் வீட்டிலேயே இடம் கிடைத்ததால் அவர்களால் மிச்சம் பிடிக்க முடிந்தது.

கிறிஸ்துமஸை ஒட்டி வந்த வரைவோலை குத்தகை பாக்கியையும் கடைக்காரர் கடனையும் தீர்த்தது. ஆனால் பணத்தின் கணிசமான பங்கு பணமாக வரவில்லை; முன்பே கட்டணம் செலுத்திய கப்பல் பயணச்சீட்டாக வந்தது. மூத்தவள் தங்கைக்கு அனுப்புவாள்; தங்கை சென்று தம்பிக்கு அனுப்புவாள். குடும்பத்தைச் சேர்த்துக் கட்டிய அதே உறைதான் குடும்பத்தை ஒவ்வொருவராக வெளியேயும் இழுத்தது. இறுதியில் பெற்றோர் மட்டும் எஞ்சினர். கடிதத்தைப் படித்துச் சொல்ல வீட்டில் பிள்ளை இல்லாமற்போனது.

வீட்டிலிருந்து சென்ற கடிதங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. விடுதி விட்டு விடுதியும், பணியிடம் விட்டுப் பணியிடமும் மாறியவர்களால் அவற்றைப் பேண இயலவில்லை. கிடைத்த சில போதும், நெஞ்சை உலுக்க. 1846 செப்டம்பரில் ஸ்லைகோ மாவட்டத்தின் ஆர்ட்னக்ளாஸிலிருந்து ஒரு பெண் கியூபெக்கிலிருந்த தந்தைக்கு எழுதினாள். உருளைக்கிழங்கு முற்றிலும் அழிந்ததைச் சொல்லி, பசியால் சாக விடாமல் தங்களை அழைத்துக்கொள்ளுமாறு கெஞ்சினாள். அரசு ஆவணங்களோடு சேர்ந்ததால் அக்கடிதம் பிழைத்தது. சடங்குத் தொடர்களை எல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பேசும் அரிய கடிதங்களுள் ஒன்று அது. டேவிட் ஃபிட்ஸ்பாட்ரிக் 1994இல் வெளியிட்ட ஆஸ்திரேலியக் கடிதத் தொகுப்பு இவ்வகையில் மதிப்பு மிக்கது. அதிலுள்ள 111 கடிதங்களில் இரு கரையினரும் பேசுகிறார்கள். எந்தக் கடிதத்தையும் துண்டாக்காமல் முழுமையாகப் பதிப்பித்து, ஒவ்வொரு குடும்பத்தின் வரலாற்றையும் நிலப்பதிவுகளிலிருந்து மீட்டெடுத்து அருகே வைத்த அவருடைய முறை, மேற்கோள் பொறுக்கி எழுதும் பழக்கத்துக்கு நல்ல மாற்று.

கடிதங்கள் நின்றுபோன கதைகளுக்கும் ஓர் ஆவணம் உண்டு. 'பாஸ்டன் பைலட்' என்ற கத்தோலிக்க வார இதழ் 1831 முதல் 1921 வரை 'காணாமற்போன நண்பர்கள்' என்ற விளம்பரப் பகுதியை வெளியிட்டது. 40,000க்கு மேற்பட்ட விளம்பரங்கள். தேடப்படுபவரின் பெயர், மாவட்டம், பங்கு, சிற்றூர், வந்திறங்கிய துறைமுகம், கடைசியாகச் செய்தி வந்த இடம். சிலவற்றில் அடையாள மச்சமும் தலைமுடியின் நிறமும். கால்வாய் வெட்டவும் இருப்புப்பாதை போடவும் சென்றவர்கள் வேலையோடு நகர்ந்துகொண்டே இருந்தனர். முகவரி என்ற ஒன்று அவர்களுக்கு இருக்கவில்லை. எழுதத் தெரியாதவர்கள், மாண்டவர்கள், அனுப்பப் பணமில்லாத வெட்கத்தால் எழுதாமலே இருந்துவிட்டவர்கள் எல்லாரும் அந்தப் பத்திகளில் கலந்து கிடக்கிறார்கள். ஒரு கடிதத் தொகுப்பைப் படிப்பவர் இவ்விளம்பரங்களையும் உடன் படிக்காவிட்டால், ஐரிஷ் மக்கள் எல்லாரும் தவறாமல் வீட்டுக்கு எழுதியதாகவே எண்ணிவிடுவார்.

ஐரிஷ் மொழியின் வீழ்ச்சியைப் பேசுவோர் பள்ளியில் பயன்பட்ட எண்ணிக்கைக் குச்சியைத் தவறாமல் குறிப்பிடுவர். குழந்தையின் கழுத்தில் தொங்கவிடப்பட்ட குச்சியில், ஐரிஷில் பேசும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணித் தண்டனை. ஆசிரியர் மட்டும் இதைச் செய்யவில்லை. பெற்றோரும் உடன்பட்டனர், வீட்டில் பேசியதற்கும் வெட்டுப் போட்டனர் என்பதே மனத்தைக் குடையும் செய்தி. அவர்கள் மொழியை வெறுத்தவர்கள் அல்லர். தம் பிள்ளைகள் எங்கே போகப் போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்கக் கடிதம் வரும் ஒவ்வொரு முறையும், ஆங்கிலம் அறிந்த பிள்ளை வீட்டில் இருப்பதன் பயனை ஊர் முழுவதும் கண்ணால் கண்டது. சட்டமும் பள்ளியும் ஒருபுறம் இருக்க, ஆங்கிலத்துக்காக அந்தக் குடிசைகளில் மிக வலுவாக வாதாடியது அன்பு நிறைந்த அந்தக் கடிதம்தான் என்று சொல்வது மிகையாகாது.

கெர்ரி மாவட்டத்தின் டன்குவினில் 1873இல் பிறந்த பெய்க் சேயர்ஸ், சிறு வயதிலேயே டிங்கிள் நகரில் வீட்டு வேலைக்குச் சென்றவர். அவருடைய உயிர்த்தோழி காய்ட் அமெரிக்கா சென்று, முதலில் ஈட்டும் பணத்தில் பெய்க்குக்குப் பயணச்சீட்டு அனுப்புவதாக வாக்களித்திருந்தாள். வந்தது சீட்டு அன்று, செய்தி: தனக்கு விபத்து நேர்ந்துவிட்டது, பணம் அனுப்ப இயலவில்லை. பெய்க் மீண்டும் வேலைக்குப் போனார். 1892இல் கிரேட் பிளாஸ்கெட் தீவைச் சேர்ந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அத்தீவிலேயே கழித்தார். சீட்டு வந்திருந்தால் அவரும் பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ ஏதோ ஒரு சமையலறையில் மறைந்திருப்பார். வராததால், நூற்றுக்கணக்கான கதைகளை ஐரிஷில் சொல்லி நாட்டார் வழக்காற்று ஆணையத்தாரைப் பதிவு செய்ய வைத்த மாபெரும் கதைசொல்லியானார்.

அவருக்குப் பிறந்த பதினொரு பிள்ளைகளில் பிழைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அமெரிக்கா சென்றனர். பெய்க் பள்ளியில் பயின்றவர்தான். ஆனால் அங்கே கற்பித்தது ஆங்கிலம் மட்டுமே. ஐரிஷ் உரைநடையின் அடையாளமாகப் பின்னாளில் பள்ளிப் பாடநூலாகவே வைக்கப்பட்ட தன்வரலாற்றுக்கு உரிய அவருக்கு, ஐரிஷில் எழுதவோ படிக்கவோ தெரியாது. 1936இல் வெளிவந்த அந்நூலின் ஒவ்வொரு சொல்லையும் அவர் வாயால் சொன்னார். உடனிருந்து எழுதியெடுத்தவர், அமெரிக்காவில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த மகன் மீஹால்.